ஃபாஸ் நகரின் நடைவீதிகள்

மொராக்கோவின் ஃபாஸ் நகரம் என்றதும் கரவிய்யீன் பள்ளிவாசலே நம் நினைவுக்கு வரும். கி.பி. 859இல் ஃபாத்திமா அல்ஃபிஹ்ரிய்யா எனும் பெண்மணி அதனை நிறுவியதாக வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அப்பள்ளிவாசலைச் சூழ்ந்துள்ள கடைவீதிகளும் நம் கவனத்திற்குரியவையே.

பழைய நகரின் குறுகிய தெருக்களில் இன்றும் கார்கள் நுழைவதில்லை. கோவேறு கழுதைகளே சுமை ஏற்றிச் செல்கின்றன. இக்குறுகலே வணிகத்திற்குத் துணை நின்றது. நடந்து வருபவர் நிற்கிறார், ஸலாம் உரைக்கிறார், விலை கேட்கிறார். ஒரே தொழில் செய்வோர் அடுத்தடுத்து அமர்ந்திருப்பதால், நான்கு எட்டு வைத்தால் வேறு கடையில் விலையை ஒப்பிடலாம். அளவையும் நிறையையும் கண்காணித்த முஹ்தஸிபுக்கும் இவ்வமைப்பு எளிதாயிற்று.

இவற்றுள் பல கடைகள் வக்ஃப் சொத்துக்கள். அவற்றின் வாடகை ஆசிரியர்க்கு ஊதியமாகவும் மாணவர்க்கு உணவாகவும் மாறியது. அவர்களோ அன்றாடம் அத்தெருக்களிலேயே நடந்து, பொருள் வாங்கினர். 1325இல் கட்டி முடிக்கப்பட்ட அத்தாரீன் மதரஸா, அருகிலுள்ள நறுமணப் பொருள் வணிகர் வீதியின் பெயரையே தாங்கி நிற்கிறது.

1912இல் பிரெஞ்சு ஆதிக்கம் வந்தபின், அகன்ற சாலைகளுடன் புதுநகர் வெளியே எழுந்தது. பழைய நகர் இடிபடாமல் தப்பியது. எனினும் வசதி படைத்தோர் பலர் காலப்போக்கில் வெளியேறினர். 1981இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சுவர்களைப் பழுதுபார்க்கப் பணம் போதும். அங்கே வாழ்ந்து, நடந்து, வாங்கும் மக்கள் இல்லையேல் கடையும் நிலைக்காது. அதன் வாடகையில் வாழ்ந்த கல்வியும் நிலைக்காது. தெருவை அகலப்படுத்துவதையே வளர்ச்சியெனக் கருதுவோர் இதனைச் சிந்திப்பார்களாக!