விசையுந்துக் காற்றுமறைப்பும் அதிர்வுத் தணிப்பும்: தமிழ்நாட்டு வரலாறு

விசையுந்தின் முகப்பிலும் பக்கங்களிலும் எதிர்க்காற்றை விலக்குவதற்காகப் பொருத்தப்படும் உறை காற்றுமறைப்பு அல்லது ஃபேரிங் எனப்படும். முகப்பு விளக்கை மட்டும் சுற்றியுள்ள சிறிய உறையைத் தமிழ்நாட்டுப் பணிமனைகளில் வைசர் என்றும் டூம் என்றும் அழைக்கின்றனர். காற்றின் தாக்குதலைக் குறைக்க வந்த இந்த உறை, பல வண்டிகளில் தானே இரைச்சலின் இருப்பிடமாக மாறியது. அந்த இரைச்சலைத் தணிக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளின் வரலாறு, ஓசை கேட்கும் இடமும் ஓசை பிறக்கும் இடமும் பெரும்பாலும் வேறு வேறு என்பதைக் காட்டுகிறது.

அதிர்வு தோன்றும் விதம்

ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் சென்று வருகிறது. ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் வண்டியின் சட்டம் உதைபடுகிறது. எஞ்சின் நிமிடத்திற்கு 3000 முறை சுழன்றால் நொடிக்கு 50 அதிர்வுகளும், 6000 முறை சுழன்றால் நொடிக்கு 100 அதிர்வுகளும் உண்டாகும். சுழற்சி இரு மடங்கானால் அதிர்வு விசை நான்கு மடங்காகும். காற்றின் அழுத்தமும் இதே கணக்கில்தான் உயர்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் உணரும் காற்றுவிசை 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு மடங்காகிறது.

ஊஞ்சலை அதன் தாளம் அறிந்து தள்ளினால் சிறு விசைக்கே அது உயரமாக ஆடும். ஒவ்வொரு பொருளுக்கும் அவ்வாறு இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு. எஞ்சினின் அதிர்வெண் உறையின் இயல்பு அதிர்வெண்ணோடு பொருந்தும்போது ஒத்ததிர்வு ஏற்படுகிறது. அப்போது மெல்லிய பிளாஸ்டிக் தகடு தவிலின் தோல் போல அதிர்ந்து ஒலியைப் பெருக்குகிறது. குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் கடகடத்து, அதற்குக் கீழும் மேலும் அமைதியாகிவிடும் வண்டிகளின் நிலை இதுவே.

மேலைநாடுகளில் தொடக்கம்

1950களில் ஐரோப்பியப் பந்தயங்களில் முன்சக்கரத்தையும் சேர்த்து மூடிய முழு உறைகள் பயன்பட்டன. குப்பைத்தொட்டியின் வடிவை ஒத்திருந்ததால் இவற்றை டஸ்ட்பின் என்றனர். பக்கக்காற்றில் வண்டி தடுமாறும் ஆபத்து இருந்ததால், 1957ஆம் ஆண்டுப் பந்தயங்களுக்குப் பிறகு பன்னாட்டு விசையுந்துக் கூட்டமைப்பு இவற்றைத் தடைசெய்தது. சாலை வண்டிகளில் பிரித்தானியாவின் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1958இல் ஏர்ஃப்ளோ என்ற பெயரில் கண்ணாடியிழை உறை பொருத்திய வண்டிகளை விற்றது. 1971இல் அமெரிக்கரான கிரெய்க் வெட்டர் வெளியிட்ட விண்ட்ஜாமர் உறையும், காற்றுச் சுரங்கத்தில் சோதித்து உருவாக்கப்பட்டு 1976இல் வெளிவந்த பிஎம்டபிள்யூ ஆர் 100 ஆர்எஸ் வண்டியும் நெடுந்தொலைவுப் பயணிகளிடையே ஃபேரிங்கைப் பரவலாக்கின.

சென்னையின் புல்லட்

ராயல் என்ஃபீல்டின் புல்லட் வண்டியை இந்தியாவில் தயாரிக்க, மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் இணைந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டது. அதன் தொழிற்சாலை சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் அமைந்தது. 70 மில்லிமீட்டர் சிலிண்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் பிஸ்டன் ஓட்டமும் கொண்ட 346 சிசி எஞ்சின் அதற்கு இருந்தது. நீண்ட ஓட்டமுடைய ஒற்றை பிஸ்டன் என்பதால் அதிர்வும் மிகுந்திருந்தது.

ஆயினும் உறைகள் கடகடக்கும் சிக்கல் புல்லட்டில் பெரிதாக எழவில்லை. முகப்பு விளக்கு, வேகமானி ஆகியவற்றைத் தாங்கிய அதன் கூடு, முன்கவையோடு திருகப்பட்ட கனமான உலோக வார்ப்பாகும். கனமும் விறைப்பும் உள்ள பொருள் எளிதில் அதிர்வதில்லை. அதிர்வு முழுவதும் ஓட்டுநரின் கைக்கும் காலுக்கும் சென்றது. மரைகள் தளர்வதும் விளக்குகளின் இழை அறுவதும் உரிமையாளர்கள் பழகிக்கொண்ட செய்திகள். நெடும்பயணத்துக்கு முன் எல்லாப் போல்ட்டுகளையும் ஸ்பேனர் வைத்துப் பார்ப்பது புல்லட்காரர்களின் வழக்கமாக இருந்தது.

அதிர்வை அடக்கிய இரு வழிகள்

அதிர்வைத் தடுக்கப் பொறியாளர்கள் இரு வழிகளைக் கண்டனர். ஒன்று, எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் இடையில் ரப்பர் வைத்து அதிர்வைப் பிரித்து நிறுத்துவது. 1967இல் அறிமுகமான நார்ட்டன் கமாண்டோ வண்டியின் ஐசோலாஸ்டிக் அமைப்பு இதற்குப் புகழ்பெற்றது. மற்றொன்று, அதிர்வை அது பிறக்கும் இடத்திலேயே எதிர் விசையால் ஈடுசெய்வது. கிராங்க் தண்டிலுள்ள எதிர் எடை, பிஸ்டனின் விசையில் ஒரு பகுதியை மட்டுமே ஈடுசெய்யும். கிராங்குக்கு எதிர்த்திசையில் அதே வேகத்தில் சுழலும் சமன்தண்டு, எஞ்சிய பகுதியில் பெரும்பாலானதை ஈடுசெய்கிறது. பிரித்தானியப் பொறியாளர் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார் எஞ்சின்களுக்காகச் சமன் அமைப்புகளை உருவாக்கினார். 1970களில் யப்பானிய நிறுவனங்கள் சமன்தண்டை விசையுந்துகளில் பயன்படுத்தின.

சென்னையில் தயாராகும் வண்டிகளுக்கு இந்த மாற்றம் காலம் தாழ்ந்தே வந்தது. 1994இல் ஐஷர் குழுமத்துடன் இணைந்த ராயல் என்ஃபீல்டு, 2013இல் ஒரகடத்தில் புதிய ஆலையைத் தொடங்கியது. 2016இல் ஹிமாலயனும், 2018இல் இரட்டைச் சிலிண்டர் 650 வண்டிகளும் சமன்தண்டுடன் வந்தன. 350 சிசி வகையில் 2020 நவம்பரில் வெளியான மீட்டியர் 350இன் 349 சிசி எஞ்சினில் சமன்தண்டு இடம்பெற்றது. 2021இல் கிளாசிக் 350 வண்டியும் 2023இல் புல்லட் 350 வண்டியும் அதே எஞ்சினைப் பெற்றன. திருவொற்றியூரில் தொடங்கிய புல்லட் தன் அதிர்வைக் குறைத்துக்கொள்ள ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஆயின.

பிளாஸ்டிக் உறைகளின் வருகை

இந்தியச் சந்தையில் 2003இல் ஹீரோ ஹோண்டா கரிஸ்மா அரை ஃபேரிங்குடன் வந்தது. 2008இல் முழு ஃபேரிங் கொண்ட யமகா ஆர் 15 வெளியாகி இளைஞர்களைக் கவர்ந்தது. ஓசூரில் ஆலை கொண்ட டிவிஎஸ் நிறுவனம் 2017 டிசம்பரில் அப்பாச்சி ஆர்ஆர் 310 என்ற முழு ஃபேரிங் வண்டியை வெளியிட்டது.

இவ்வகை உறைகள் பெரும்பாலும் ஏபிஎஸ் எனப்படும் பிளாஸ்டிக்கால் ஆனவை. பல துண்டுகள் கிளிப்புகளாலும் திருகுகளாலும் ஒன்றோடொன்று இணைகின்றன. ஒவ்வொரு இணைப்பிலும் ரப்பர் புஷ்ஷும், அதனுள் குழாய் போன்ற சிறு உலோகக் காலரும் இருக்கும். திருகை முழுமையாக இறுக்கினாலும் ரப்பர் நசுங்காமல் காப்பது அந்தக் காலர்தான். உறையைக் கழற்றி மாட்டும்போது காலர் தொலைந்துவிட்டால் ரப்பர் நசுங்கிக் கெட்டியாகி, எஞ்சின் அதிர்வைத் தடையின்றிப் பிளாஸ்டிக்குக்குக் கடத்தும். இறுக்க இறுக்க ஓசை கூடுவதற்கும், பிடிப்புக்காதுகள் உடைவதற்கும் இதுவே காரணமாகிறது.

விழுப்புரம் – திண்டிவனம் சாலையில் வந்த மாற்றம்

ஃபேரிங் வண்டிகள் பரவிய அதே ஆண்டுகளில் அவை ஓடும் சாலையும் மாறியது. சென்னையிலிருந்து தென்மாவட்டங்களுக்குச் செல்லும் பெருந்தெற்குத் தடச்சாலை திண்டிவனம், விக்கிரவாண்டி, விழுப்புரம் வழியாகச் செல்கிறது. நீண்ட காலம் தேசிய நெடுஞ்சாலை 45 எனப்பட்ட இத்தடத்தில், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட சுமார் 40 கிலோமீட்டர் பகுதி இன்று தேசிய நெடுஞ்சாலை 132 என எண்ணிடப்பட்டுள்ளது. திண்டிவனத்தில் புதுச்சேரிச் சாலையும் செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை செல்லும் சாலையும் பிரிகின்றன.

இருவழிச் சாலையாக இருந்தபோது பேருந்துக்கும் லாரிக்கும் வழிவிட்டு, ஊருக்கு ஊர் வேகம் குறைத்துச் செல்ல வேண்டியிருந்தது. எஞ்சினின் சுழற்சி ஓரிடத்தில் நிலைக்கவில்லை. 2000களில் தொடங்கிய நான்குவழிப் பணிகளுக்குப் பின் கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் ஆகிய ஊர்களைக் கடந்து ஒரே சீரான வேகத்தில் செல்ல முடிகிறது. அவ்வாறு ஒரே சுழற்சியில் அரை மணி நேரம் ஓடும் எஞ்சின், உறையின் இயல்பு அதிர்வெண்ணோடு பொருந்திவிட்டால் அதிர்வு இடைவிடாது தொடரும். நகரத் தெருவில் ஓசையே எழுப்பாத வண்டி நெடுஞ்சாலையில் கடகடப்பதற்கும், திருகுகள் தாமாகக் கழன்று விழுவதற்கும் இந்தத் தொடர் அதிர்வு காரணமாகிறது. செஞ்சிச் சாலை போன்ற கிளைச் சாலைகளில் பள்ளமும் வேகத்தடையும் தரும் அதிர்ச்சி வேறு வகையானது. அது விட்டு விட்டு வருவதால் தளர்ந்த கிளிப்பையும் உடைந்த காதையும் உடனே காட்டிக்கொடுக்கும்.

பணிமனை முறைகள்

சாலையோரப் பணிமனைகளில் நெடுங்காலமாக வழக்கில் உள்ள மருந்து பழைய சைக்கிள் டியூப் ஆகும். அதைச் சிறு துண்டுகளாக வெட்டி, இரு பிளாஸ்டிக் துண்டுகள் உரசும் இடத்திலோ திருகின் அடியிலோ வைப்பர். செலவில்லாத இந்த முறை அறிவியலுக்கும் பொருந்துவதே. ரப்பர், அதிர்வின் ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமாக மாற்றிவிடுகிறது. உறையின் உட்புறம் தார் கலந்த தணிப்புத் தகட்டை ஒட்டுவது மற்றொரு முறை. அது தகட்டின் எடையைக் கூட்டி, இயல்பு அதிர்வெண்ணைக் குறைக்கிறது. ஹேண்டில்பாரின் முனைகளில் எடைக்கட்டி பொருத்துவதும் இதே அடிப்படையில் அமைந்தது.

இவற்றுக்கு முன் ஓசையின் பிறப்பிடத்தை அறிய வேண்டும். வண்டியை நிறுத்தி, எஞ்சினின் சுழற்சியை மெல்ல உயர்த்தி, ஒவ்வொரு துண்டையும் கையால் அழுத்திப் பார்ப்பது எளிய சோதனை. எந்த இடத்தில் அழுத்தும்போது ஓசை நிற்கிறதோ அங்கே பிடிப்பு தளர்ந்திருக்கிறது. நின்ற வண்டியில் கேட்காமல் ஓட்டும்போது மட்டும் விசில் போலக் கேட்டால் அது காற்று புகும் இடுக்காகும். இடுக்குகளை ஒவ்வொன்றாக ஒட்டுநாடாவால் மூடி ஓட்டிப்பார்த்தால் அது அகப்படும். முகப்புக் கண்ணாடியை உயரமாக மாற்றுவதால் மட்டும் இரைச்சல் குறைந்துவிடாது. கண்ணாடியின் மேல்விளிம்பிலிருந்து சுழன்று வரும் காற்று நேராகத் தலைக்கவசத்தில் மோதினால் இரைச்சல் கூடும்.

பள்ளத்தில் இறங்கும்போது முன்புறம் டக்கென்று கேட்கும் ஓசையில் கூடுதல் கவனம் தேவை. உறையில் கேட்பது போலத் தோன்றினாலும் அது பல வேளைகளில் கோன்செட் தளர்ந்ததன் அறிகுறியாகும். எஞ்சினைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட் தளர்ந்தாலும் முதலில் உறையே கடகடக்கும். இந்நிலையில் உறைக்குள் ஸ்பாஞ்சைத் திணித்து ஓசையை மட்டும் அடக்கினால், திசைதிருப்பும் பகுதியிலும் எஞ்சின் பிடிப்பிலும் உள்ள பழுது மறைந்து வளரும். ரேடியேட்டரின் காற்றுவழியை அடைப்பது எஞ்சினைச் சூடேற்றும். சைலன்சருக்கு அருகில் ஸ்பாஞ்ச் வைப்பது தீ விபத்துக்கு இடம்தரும்.

உடல்நலமும் சட்டமும்

நெடுஞ்சாலை வேகத்தில் தலைக்கவசத்தினுள் காற்றின் இரைச்சல் 90 டெசிபெல்லைத் தாண்டக்கூடும். நாள்தோறும் பல மணி நேரம் இதைக் கேட்பவருக்குக் காலப்போக்கில் செவித்திறன் குறையும். நீண்ட கால அதிர்வினால் விரல்கள் மரத்துப்போவது மருத்துவம் ஏற்ற பாதிப்பாகும். விழுப்புரத்திலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ நாள்தோறும் இரு சக்கர வண்டியில் வேலைக்குச் சென்று திரும்புவோருக்கு இது வசதி சார்ந்த செய்தி மட்டும் அன்று.

இந்தியாவில் புதிய விசையுந்துகள் சாலையில் கடந்து செல்லும்போது எழுப்பும் ஒலிக்கு 80 சிசி வரை 75 டெசிபெல், 175 சிசி வரை 77 டெசிபெல், அதற்கு மேல் 80 டெசிபெல் என வரம்புகள் வகுக்கப்பட்டன. இவை சாலையோரத்தில் நிற்பவரின் செவியைக் காப்பவை. ஓட்டுநரின் தலைக்கவசத்தினுள் எழும் இரைச்சலை இந்த அளவீடு கணக்கில் கொள்வதில்லை. அதைக் குறைப்பது உறையின் வடிவமைப்பையும் முறையான பராமரிப்பையும் பொறுத்தே அமைகிறது.

கனமான உலோகக் கூட்டோடு அதிர்ந்த புல்லட்டிலிருந்து சமன்தண்டு பெற்ற புல்லட் வரையிலான காலத்தில் நிலையான பயன் தந்தவை இரண்டு: அதிர்வை மூலத்தில் ஈடுசெய்வது, எஞ்சியதை ரப்பரால் பிரித்து நிறுத்துவது. சாலையோர மெக்கானிக்கின் டியூப் துண்டு இரண்டாவது வகையைச் சேர்ந்தது. பழுதைக் கண்டறிந்த பின் வைக்கப்படும் வரை அது நல்ல மருந்தாகவே இருக்கும்.