விற்பவரின் அவசரம்

இலண்டனில் வாழும் நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் கேட்டார்: "யாழ்ப்பாணத்து வீட்டுக்குக் கேட்பார் குறைவு. வந்த விலைக்குக் கொடுப்பதா, இன்னும் சில காலம் பொறுப்பதா?" நான் காணித் தரகன் அல்லன். எனினும் செய்தியாளனாகவும் ஒரு குடும்பத்தின் பிள்ளையாகவும் கண்டதை அவருக்குச் சொன்னேன்.

1983 ஜூலை இன வன்செயலின்போது நாம் வெள்ளவத்தையில் சொந்த வீட்டில் இருந்தோம். அயல் எரிந்தது; எமது வீடு தப்பியது. சில நாட்கள் அகதி முகாமில் கழித்தபின் கப்பலேறிக் காங்கேசன்துறையை அடைந்தோம். மறு ஆண்டே தந்தையார் அவ்வீட்டை விற்றார். வாங்க வந்தவர் ஒரு தொகையைச் சொன்னார். தந்தையார் மறுபேச்சின்றி உடன்பட்டார். சுவரும் கூரையும் முன்பு போலவே இருந்தன. குறைந்தது வீட்டின் பெறுமதி அன்று. விற்பவரின் பேரம் பேசும் வலுவே.

பின்னர் வடக்கில் போர் முற்றியது. இடம்பெயர்ந்தோரும் வெளிநாடு செல்லக் காத்திருந்தோரும் அதே வெள்ளவத்தையை நாடினர். புலம்பெயர்ந்தோரின் பணமும் வந்தது. பழைய வளவுகளில் தொடர்மாடிகள் எழுந்தன. தமிழர் அஞ்சி விற்ற மண்ணைத் தமிழரே விலையேற்றி வாங்கினர்.

அவ்வாறாயின் பொறுத்தவர்கள் எல்லோரும் வென்றார்களா? இல்லை. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய பலரின் காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டன. உறுதி கையிலிருந்தும் கால் நூற்றாண்டுக்கு மேலாக வாசலை மிதிக்க இயலாதோர் உளர். 2002 போர்நிறுத்தத்தின்பின் ஏ9 பாதை திறந்தபோது, வெளிநாட்டிலிருந்து வந்து காணி விசாரித்தோரைக் கண்டேன். விலை இன்னும் ஏறுமென்று காத்திருந்தோருக்கு 2006 ஆகஸ்டில் பாதை மூடப்பட்டபோது வாங்குவார் இல்லாது போயினர்.

ரூபாக் கணக்கும் ஏமாற்றும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. அதற்குச் சற்று முன் வீட்டை விற்றுப் பணத்தை வங்கியில் வைத்தவர், நல்ல விலை பெற்றும் நட்டப்பட்டார். ஆளற்ற வீட்டுக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. பிறரொருவர் உரிமையாளருக்கு எதிராகப் 10 ஆண்டுகள் தடையின்றி ஆட்சி செய்தால், 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டத்தின்கீழ் உரித்துக் கோரலாம்.

ஆகவே நண்பரிடம் ஒன்றையே கேட்டேன்: "இந்தப் பணம் உமக்கு இப்போது எதற்கு?" உடனடித் தேவை இல்லையெனில், நம்பிக்கையான ஒருவரை எழுத்து மூலமான ஒப்பந்தத்தோடு குடியமர்த்திவிட்டுப் பொறுக்கலாம். தேவை உண்டெனில், வராத உச்ச விலையை எண்ணி வருந்துவதில் பயனில்லை.

தந்தையார் அவசரப்பட்டுவிட்டார் என்று நெடுங்காலம் மனதுள் குறைப்பட்டிருக்கிறேன். 1984 இல் அந்தப் பணமே என் அண்ணனைக் கடல் கடக்க வைத்தது. வீட்டை வைத்திருந்தால் இன்று அது பல கோடி பெறும். அன்று அண்ணனை அனுப்ப எம்மிடம் வேறு வழி இருக்கவில்லை.