அழுக்கும் அடைப்பும்: முகப்பரு, ஒப்பனைப் பூச்சு, தூரிகை ஆகியவற்றின் மருத்துவ வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

முகப்பரு அழுக்கினால் தோன்றுவது என்ற நம்பிக்கை நெடுங்காலமாக நிலவி வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி நிகழ்ந்த ஆய்வுகள் இந்நம்பிக்கையைப் படிப்படியாகத் தகர்த்தன. அதே வேளையில், முகத்தில் இடும் பூச்சும் அதனை இடும் கருவியும் தோலுக்குத் தீங்கு செய்யக்கூடும் என்பதையும் அறிவியல் உறுதிப்படுத்தியது. தூய்மை பற்றிய கவலை முகத்திலிருந்து பூச்சுக்கும், பூச்சிலிருந்து கருவிக்கும் இடம்பெயர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: முகப்பரு, ஒப்பனை, தூரிகை, அரிதாரம், தோல் மருத்துவம், தூய்மை

முன்னுரை

நோய்களுள் சில உடலை மட்டும் வருத்துவன. சில நோயாளியின் ஒழுக்கத்தையும் ஐயத்திற்கு உள்ளாக்குவன. முகப்பரு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. முகத்தில் பரு கண்டவரிடம் 'முகத்தைச் சரியாகக் கழுவுவதில்லையா?' என்று கேட்பது இன்றும் வழக்கில் உள்ளது. இக்கேள்வியில் அறிவுரையுடன் குற்றச்சாட்டும் அடங்கியுள்ளது. அண்மைக் காலத்தில் இக்குற்றச்சாட்டு ஒப்பனைத் தூரிகையைக் கழுவாதவர் மீதும் திரும்பியுள்ளது. இவ்விரண்டு குற்றச்சாட்டுகளும் ஒரே தன்மையன அல்ல என்பதை மருத்துவ வரலாறு காட்டுகிறது.

அழுக்கு என்னும் கோட்பாடு

தோலின் மயிர்க்காலை ஒட்டியுள்ள நெய்ச்சுரப்பி எண்ணெய்ப்பசையைச் சுரக்கிறது. மயிர்க்காலின் வாயில் இறந்த செல்கள் உதிராமல் திரளும்போது அப்பசை வெளியேற வழியின்றித் தேங்குகிறது. இவ்வடைப்பே கரும்புள்ளியாகவும் வெண்புள்ளியாகவும் காணப்படுகிறது. கரும்புள்ளியின் கருமை வெளியிலிருந்து படிந்த தூசு என்று பொதுவாகக் கருதப்பட்டது. அக்கருமைக்குத் தோலின் இயல்பான நிறமியாகிய மெலனின் காரணம் என்பது பின்னரே தெளிவாயிற்று. கண்ணுக்குத் தெரிந்த கருமையே 'அழுக்குக் கோட்பாடு' வேரூன்றுவதற்கு வாய்ப்பளித்தது எனலாம்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க முகச் சோப்பு விளம்பரங்கள் இக்கோட்பாட்டை வணிகமாக்கின. வெந்நீரும் நுரையும் கொண்டு முகத்தை நன்கு தேய்த்துக் கழுவுமாறு அவை அறிவுறுத்தின. தெளிந்த முகம் விடாமுயற்சியின் பயன் என்று காட்டப்பட்டதால், தெளியாத முகம் சோம்பலின் அடையாளமாயிற்று.

நுண்ணுயிரியின் வருகை

ஜெர்மானியத் தோல் மருத்துவர் பவுல் கெர்சன் உன்னா 1896ஆம் ஆண்டில் கரும்புள்ளிகளினுள் கோல் வடிவ நுண்ணுயிரிகளைக் கண்டார். பாரிஸைச் சேர்ந்த ரேமோன் சபூரோ 1897இல் அவற்றை ஆய்வகத்தில் வளர்த்தெடுத்தார். இந்நுண்ணுயிரி பல பெயர் மாற்றங்களுக்குப் பின் 2016 முதல் கியூட்டிபாக்டீரியம் ஏக்னெஸ் என அழைக்கப்படுகிறது.

இக்கண்டுபிடிப்பு, பரு தொற்றக்கூடியது என்ற அச்சத்தை எழுப்பியிருக்கக்கூடும். ஆனால் பரு உள்ளவர், இல்லாதவர் ஆகிய இருவர் தோலிலும் இந்நுண்ணுயிரி இயல்பாகவே வாழ்கிறது. காற்றுக் குறைந்த, எண்ணெய்ப்பசை மிகுந்த மயிர்க்காலின் ஆழமே அதன் இருப்பிடம். அடைப்பு ஏற்பட்ட இடத்தில் அது அழற்சிக்குத் துணைசெய்கிறது. ஆகவே பரு ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் நோயன்று.

பூச்சின் வரலாறு

அழுக்கு காரணமன்று எனின், வெளியிலிருந்து வரும் எதற்கும் பருவில் பங்கில்லையா? இவ்வினாவிற்கான விடை ஒப்பனைப் பூச்சின் வரலாற்றில் உள்ளது. தமிழில் அரிதாரம் என்பது ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் நிறக் கனிமத்தின் பெயர். அதுவே நடிகர் முகத்தில் இடும் பூச்சுக்கும் பெயராயிற்று. கதகளிக் கலைஞர்கள் மனயோலை எனப்படும் அக்கனிமத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்து முகத்தில் இடுவர். நிறம் தரும் கனிமமும் அதனைத் தோலில் ஒட்டச்செய்யும் கொழுப்பும் சேர்ந்ததே பூச்சு என்பதை இவ்வழக்கம் தெளிவாகக் காட்டுகிறது.

ஐரோப்பிய அரங்கிலும் இதே அமைப்பைக் காணலாம். அங்கு நெடுங்காலம் பயன்பட்ட ஈயவெள்ளை நச்சுத்தன்மை உடையது. பெர்லினில் ஓபரா பாடகர் லுட்விக் லெய்க்னர் 1873இல் தொடங்கிய நிறுவனம் ஈயம் கலவாத கொழுப்புப் பூச்சினை விற்றது. நிறமியின் நஞ்சு நீங்கியது. கொழுப்பு மட்டும் தொடர்ந்தது. அரங்கிற்கும் திரைப்படத்திற்கும் உரியதாயிருந்த பூச்சு பின்னர் அன்றாடப் பயன்பாட்டிற்கு வந்தபோது, அக்கொழுப்பும் எண்ணற்ற முகங்களை அடைந்தது.

அதன் விளைவைப் பிலடெல்பியாவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் கிளிக்மனும் அவருடைய உடனாய்வாளர்களும் ஆராய்ந்தனர். தலைமுடிப் பூச்சினால் நெற்றியிலும் பொட்டிலும் தோன்றும் பருவை அவர்கள் 1970இல் விவரித்தனர். கிளிக்மனும் மில்ஸும் 1972இல் வெளியிட்ட கட்டுரை 'ஒப்பனைப் பரு' என்ற வகையை நிலைநாட்டியது. வயதுவந்த பெண்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் மெல்லிய பரு காணப்படுவதாகவும், அதற்கு ஒப்பனைப் பொருள்கள் காரணமாகலாம் எனவும் அக்கட்டுரை கூறியது. லனோலின், பெட்ரோலாட்டம், பியூட்டைல் ஸ்டியரேட் முதலியவை முயலின் காதில் அடைப்பை உண்டாக்கின. முயலின் காது மனிதத் தோலைவிட எளிதில் அடைப்புக்கு உள்ளாவது என்பதால், அச்சோதனை முடிவுகளை அவ்வாறே மனிதருக்குப் பொருத்த இயலாது என்பது பின்னர் உணரப்பட்டது.

அதே ஆய்வாளர்கள் 1975இல் வெளியிட்ட மற்றொரு கட்டுரை 'கழுவற்பரு' எனத்தக்க நிலையை எடுத்துக்காட்டியது. நாள்தோறும் பலமுறை சோப்பினால் முகத்தைக் கழுவுவோரிடம் பரு மிகுவதை அது பதிவு செய்தது. அவ்வாண்டிலேயே உராய்வினால் பரு மிகுவதும் தனியாக விவரிக்கப்பட்டது. அழுக்குக் கோட்பாடு பரிந்துரைத்த தேய்ப்பே பருவைப் பெருக்கக்கூடும் என்பது இவற்றால் விளங்கியது.

இவ்வறிவின் விலையும் பதிவு செய்யத்தக்கது. கிளிக்மனின் ஆய்வுகள் பல, 1951 முதல் 1974 வரை ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகளின் தோல் மீது நடத்தப்பட்டன. அவர்களுள் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். ஆலன் ஹார்ன்ப்ளம் 1998இல் வெளியிட்ட நூல் இதனை வெளிக்கொணர்ந்தது. பல்கலைக்கழகம் 2021இல் மன்னிப்புக் கோரியது. முகத்தெளிவு பற்றிய இன்றைய அறிவின் ஒரு பகுதி, மறுக்கும் உரிமையை முழுமையாகப் பெற்றிராத மனிதரின் தோலிலிருந்து வந்தது.

கருவியின் வரலாறு

தூரிகையால் தோலுக்கு நேரும் தீங்கை உலகம் முதலில் உணர்ந்தது ஒப்பனை அறையில் அன்று, போர்க்களத்தில். முதல் உலகப் போருக்கு முன் முகச்சவரத் தூரிகைக்குப் பேட்ஜர் என்னும் விலங்கின் முடி சிறந்ததாகக் கருதப்பட்டது. போர் வணிக வழிகளை மறித்தபோது, கிழக்காசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வந்த குதிரைமுடி அதனைப் போலவே தோற்றமளிக்குமாறு செய்யப்பட்டு விற்கப்பட்டது. நச்சுவாயு முகமூடி சரியாகப் பொருந்துவதற்கு வீரர்கள் தாடியை மழிக்க வேண்டியிருந்தது. கிருமிநீக்கம் செய்யப்படாத முடியிலிருந்த ஆந்த்ராக்ஸ் வித்துகள் சவரக் கீறல்கள் வழியே உடலுள் புகுந்தன. பிரித்தானிய, அமெரிக்கப் படைவீரரும் பொதுமக்களும் முகத்திலும் கழுத்திலும் நோய்ப்புண் கண்டனர், சிலர் இறந்தனர்.

இந்நிகழ்வில் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. நோயைத் தந்தவை கழுவாமல் விடப்பட்ட பழைய தூரிகைகள் அல்ல. கடையில் வாங்கிய புதிய தூரிகைகள். ஆந்த்ராக்ஸ் வித்துகள் சாதாரணக் கழுவுதலுக்கு அழியாதவை. எனவே பயன்படுத்துவோரின் கவனம் மட்டும் போதாது, மூலப்பொருளையே தூய்மைப்படுத்த வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. பிரித்தானியாவில் 1919ஆம் ஆண்டின் ஆந்த்ராக்ஸ் தடுப்புச் சட்டம் இதற்கு வழிவகுத்தது. 1920இல் ஜப்பானியச் சவரத் தூரிகைகளின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது.

பயன்பாட்டின்போது நேரும் மாசு பின்னர் கவனம் பெற்றது. கண்ணிமை மைக்குச்சி தோலைத் தொட்டு மீண்டும் குப்பிக்குள் செல்லும்போது நுண்ணுயிரிகளையும் கொண்டு செல்கிறது. மாசடைந்த மையினால் விழிவெண்படலத்தில் சூடோமோனாஸ் புண் ஏற்பட்டதை வில்சனும் ஆஹேர்னும் 1977இல் பதிவு செய்தனர். பிரித்தானியாவின் ஆஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு, பயன்பாட்டிலிருந்த 467 ஒப்பனைப் பொருள்களைச் சோதித்தது. பெரும்பாலானவற்றில் பாக்டீரியாக்கள் காணப்பட்டன. பூச்சினைப் பரப்பும் ஸ்பாஞ்சுகளில் 93 விழுக்காடு ஒருமுறையேனும் கழுவப்படாதவை. 64 விழுக்காடு தரையில் விழுந்த பின்னும் பயன்படுத்தப்பட்டவை.

இரு தூய்மைகளின் வேறுபாடு

கழுவாத தூரிகையில் பழைய எண்ணெய், உதிர்ந்த தோற்செல்கள், பூச்சின் எச்சம் ஆகியவை திரள்கின்றன. அவை மீண்டும் மீண்டும் தோலில் படிவது அடைப்புக்கு இடந்தரக்கூடும். ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் மயிர்க்கால் அழற்சியையும் கொப்புளங்களையும் உண்டாக்கவல்லன. இவற்றைப் பரு என்றே பலர் கருதிவிடுகின்றனர். எச்சம் இறுகி விறைத்த தூரிகை உராய்வையும் மிகுவிக்கிறது. ஆகவே தூரிகையை 7 முதல் 10 நாள்களுக்கு ஒருமுறை கழுவுமாறும், பிறருடன் பகிராதிருக்குமாறும் அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது. வெதுவெதுப்பான நீரில் முடிப்பகுதியை மட்டும் நனைத்து, மென்மையான ஷாம்பூவால் அலசி, கிடத்தி உலர்த்துவதே இயல்பான முறை. நிமிர்த்தி வைத்தால் நீர் பிடிக்குள் இறங்கிப் பசையைத் தளர்த்தும்.

முகத்திற்கு இந்நெறி அப்படியே பொருந்தாது. தூரிகை உயிரற்றது, அதனை முற்றிலும் கழுவலாம். தோல் உயிருள்ளது, அளவுக்கு மீறிய கழுவுதல் அதன் காப்புப் படலத்தைச் சிதைக்கிறது. நாளொன்றுக்கு இருமுறையும் வியர்த்தபின் ஒருமுறையும் மென்மையாகக் கழுவுவதே போதுமானது எனக் கொள்ளப்படுகிறது. தூரிகையின் தூய்மை பருவின் துணைக்காரணங்கள் சிலவற்றைக் குறைக்குமேயன்றி, ஹார்மோன், மரபு ஆகிய உட்காரணங்களை அது நீக்காது.

முடிவுரை

பருவின் வரலாற்றில் தூய்மை என்ற சொல் இரு பொருளில் வழங்கிவந்துள்ளது. ஒன்று, நோயாளியின் ஒழுக்கத்தை அளக்கும் கோல். அதற்கு மருத்துவச் சான்று கிட்டவில்லை. மற்றொன்று, பூச்சின் கலவையையும் கருவியின் நிலையையும் குறிக்கும் செய்முறைச் சொல். அதற்குப் பதிவான சான்றுகள் உள்ளன. பூச்சின் கலவைக்குச் செய்வோரும், தூரிகையின் மூலப்பொருளுக்கு விற்போரும், கழுவுதலுக்குப் பயன்படுத்துவோரும் பொறுப்பாவர். இப்பொறுப்புகளை முறையே பகுத்துணர்ந்தால், பரு கண்ட முகத்தின் மீது சுமத்தப்பட்ட அழுக்கு என்னும் பழி நீங்கும். தூரிகையைக் கழுவும் சிறு செயலும் அச்சத்தினின்று நீங்கிப் பயனுள்ள பழக்கமாகும்.