அணியின் எல்லையும் நிரலரின் அல்லலும்

கோப்பிலுள்ள எண்களை வரிவரியாகப் படித்து, நினைவகத்தில் அணி என்று வகுத்துக்கொண்ட இடங்களில் ஒன்றன்பின் ஒன்றாக இட்டு நிரப்புவது, நிரல் எழுதப் பழகுவோர் முதலில் கற்கும் காரியங்களுள் ஒன்று. அந்த எளிய காரியத்தில் கைதேர்ந்தவர்களும் ஐம்பது ஆண்டுகளாக இடறி வந்திருக்கிறார்கள் என்பதும், அதற்குரிய பரிகாரம் அதற்கும் முன்பே கைவசம் இருந்தது என்பதும் கணிப்பொறிச் சரித்திரத்தில் என் மனத்தை மிகவும் வருத்தும் செய்திகளாகும்.

1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் எலியட் நிறுவனத்தில் அல்கால் 60 மொழிக்குக் கம்பைலர் இயற்றிய டோனி ஹோர், அணியின் சுட்டெண் ஒவ்வொன்றும் விதித்த எல்லைக்குள் அடங்குகிறதா என்று நிரல் ஓடும்போதே சோதிக்கும்படி அமைத்தார். வேகத்தை முன்னிட்டு அச்சோதனையை நிறுத்திக்கொள்ள வசதி வேண்டுமா என்று பிற்காலத்தில் வாடிக்கையாளரைக் கேட்டபோது, அவர்கள் ஒருமுகமாக வேண்டாமென்றதை 1980-ஆம் ஆண்டு டூரிங் விருதுப் பேருரையில் அவரே நினைவுகூர்ந்தார்.

1972 வாக்கில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியோ வேறு மார்க்கத்தில் சென்றது. 24 கிலோபைட் நினைவகமே கொண்டிருந்த பிடிபி-11 யந்திரத்தில் சிக்கனம் பிரதானமாக இருந்தபடியால், அணி பெரும்பாலும் அதன் முதல் இடத்தின் முகவரியாகவே கையாளப்பட்டது. அளவைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு நிரலரின் தலையில் விழுந்தது. 100 இடங்களை அம்மொழி 0 முதல் 99 வரை எண்ணுகிறது. 'சுட்டெண் 100-க்குக் குறைவாக இருக்கும்வரை' என்ற நிபந்தனையில் ஒரு சமக்குறி கூடிவிட்டால், 101-ஆவது எண், வரப்பு மீறி நட்ட நாற்றைப் போல, பக்கத்து மாறியின் இடத்தில் போய் அமர்ந்துவிடும். யந்திரம் அப்போது வாய் திறப்பதில்லை. நெடுநேரம் கழித்து, கோப்பை மூடும்போதோ, கேட்டு வாங்கிய நினைவகத்தைத் திருப்பி ஒப்படைக்கும்போதோ, ஒரு பாவமும் அறியாத வேறொரு வரியில் நிரல் விழும். ஆராய்வதற்கென்று இடையே அச்சிடும் வரியொன்றைச் சேர்த்தால், நினைவகத்தின் அமைப்பு மாறிப் பிழை மறைந்துவிடுவதும் உண்டு. பிழைதிருத்துவோரை நிலைகுலையச் செய்த கொடுமை இதைப் போல் வேறில்லை.

வருகின்ற வரியின் நீளத்தைப் பாராமலே அணியில் கொட்டும் 'கெட்ஸ்' என்ற சார்பு இவ்விபத்தின் உச்சம். 1988 நவம்பர் 2-ஆம் தேதி ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் வலையமைப்பில் ஏவிய புழு நிரல், அச்சார்பு நிரப்பிய 512 பைட்டு இடத்தில் 536 பைட்டுகளைச் செலுத்தியும் கணிப்பொறிகளுக்குள் புகுந்தது. அதற்குப் பின்னரும் அச்சார்பைச் சி மொழியின் தரநிலையிலிருந்து நீக்க 2011 வரை ஆயிற்று.

இதற்கிடையே இத்தகைய பிழைகளைக் கண்டுபிடிக்கும் கருவிகள் வந்தன. ஜூலியன் சீவர்டின் வால்கிரைண்ட் 2002-இல் வெளியாயிற்று. 2012-இல் கூகுள் பொறியாளர்கள் விளக்கிய அட்ரஸ் சானிடைசர், அணிகளின் இருபுறமும் தீண்டத் தகாத காவல் வெளியை அமைத்து, அதில் கைபட்ட கணமே நிரலை நிறுத்தி, எழுதிய வரி எது, இடம் ஒதுக்கிய வரி எது என்று காட்டிக்கொடுக்கிறது. ஓட்டம் ஏறத்தாழ இருமடங்கு மந்தமாகும். அது பெரிய விலையன்று. ஆனால் நிரல் நடந்த பாதையை மட்டுமே இக்கருவிகள் அறியும். 99 வரிகளுள்ள கோப்பைக் கொடுத்துச் சோதித்தால் 101-ஆவது வரியைப் பற்றி அவை எதுவும் சொல்லமாட்டா. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் மில்லர் குழுவினர், யூனிக்ஸ் நிரல்களுக்கு அர்த்தமற்ற எழுத்துக்களைத் தாறுமாறாக ஊட்டி, அவற்றில் 25 முதல் 33 சதவிகிதம் வரை வீழ்த்திக் காட்டி 1990-இல் வெளியிட்ட முறையை, சானிடைசரோடு இணைத்து இன்று கையாளுவது இக்காரணம் பற்றியே.