மைக் செட் பெட்டிக்குள் ஒரு கிடார்

1965 ஆகஸ்ட் 15. நியூயார்க்கின் ஷே ஸ்டேடியம். பீட்டில்ஸைப் பார்க்கக் கூடியிருந்தவர்கள் ஐம்பத்தைந்தாயிரத்துக்கும் மேல். கிடார்களுக்காக வாக்ஸ் கம்பெனி 100 வாட் ஆம்ப்ளிஃபயர்களை ஸ்பெஷலாகச் செய்து கொடுத்திருந்தது. பாடுகிற குரலுக்கு? பேஸ்பால் மாட்சில் 'அடுத்து ஆட வருபவர் இன்னார்' என்று அறிவிப்பார்களே, அந்த மைதானத்து ஸ்பீக்கர்களையும் சேர்த்துக்கொண்டு சமாளித்தார்கள். ரசிகைகள் போட்ட கூச்சலில் பாட்டு எங்கே கேட்டது? மேடையில் இருந்தவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை!

கிடார் ஜெயித்து, குரல் தோற்றுப்போன காலம் அது. குரலைக் காப்பாற்ற வந்தவைதான் 'பி.ஏ. ஹெட்' பெட்டிகள். நம் ஊர் பாஷையில் சொன்னால் மைக் செட் ஆம்ப்ளிஃபயர். நாலைந்து மைக்கைச் செருகலாம். ஸ்பீக்கர் தனி.

1947-ல் பெல் ஆய்வகத்தில் பிறந்த டிரான்சிஸ்டர் இங்கேதான் கை கொடுத்தது. வால்வு பெட்டி கனம், சூடு. போகிற வழியில் லாரி குலுங்கினால் வால்வுக்கு ஆபத்து. டிரான்சிஸ்டருக்கு அந்தத் தொந்தரவெல்லாம் கிடையாது. மைக்குக்குப் பேர்போன ஷூர் கம்பெனி 1967-ல் 'வோக்கல் மாஸ்டர்' கொண்டுவந்தது. ஆறு சேனல், 100 வாட், ஆளுயர ஸ்பீக்கர் தூண்கள். கான்சாஸ் மாநிலத்துச் சின்ன ஊரான சனூட்டில் பட் ராஸ் என்பவர் ஆரம்பித்த 'கஸ்டம்' கம்பெனி இன்னும் ஷோக்கு. கார் சீட் மாதிரி மெத்துமெத்தென்று பளபளக்கும் உறை போட்டு விற்றார்கள். அவர்களுடைய கே-200 உண்மையில் 100 வாட்தான். உச்சகட்ட சக்தியைக் கணக்கில் காட்டிப் பெயரில் 200 ஆக்கிவிட்டார்கள். விளம்பரத் துறைக்கு எந்த ஊரானாலும் ஒரே புத்தி!

நமக்கு வேண்டிய விஷயம் வேறு. கஸ்டம் 200 வரிசையில் கிடார், பேஸ், மைக் செட் மூன்றுக்கும் சக்தி தரும் பின்பகுதி ஒன்றேதான். முன்னால் இருக்கும் குமிழ்களும் சர்க்யூட்டும் மட்டும் வேறு. அந்தக் கஸ்டம் கிடார் ஆம்ப்பை வைத்துக்கொண்டுதான் க்ரீடன்ஸ் க்ளியர்வாட்டர் ரிவைவலின் ஜான் ஃபோகர்ட்டி ஹிட்டுக்கு மேல் ஹிட் கொடுத்தார். 'டிரான்சிஸ்டரா, உயிரே இல்லாத சத்தம்' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் அவரைச் சௌகரியமாக மறந்துவிடுவார்கள்.

மைக் செட் பெட்டியிலேயே கிடாரைச் செருகிப் பெயர் வாங்கியவர் மவுன்டன் குழுவின் லெஸ்லி வெஸ்ட். 1969-ல் கச்சேரிக்கு வேறு ஆம்ப்பை எதிர்பார்த்துக் காத்திருந்தார். வந்து இறங்கியது சன் கம்பெனியின் கொலீசியம் பி.ஏ. ஹெட். வேறு வழியில்லாமல் செருகினார். கரகரவென்று கிளம்பிய சத்தம் அவருடைய அடையாளமாகவே ஆகிவிட்டது. 1970-ல் வந்த 'மிஸிஸிப்பி க்வீன்' அமெரிக்கப் பட்டியலில் 21-ம் இடம் வரை ஏறியது. அவருடையது வால்வு பெட்டி. ஆனால் வழி திறந்துவிட்டது இல்லையா?

எப்படி வருகிறது அந்தக் கரகரப்பு? மைக்கிலிருந்து வரும் மின்சாரம் சில மில்லிவோல்ட். கிடாரிலிருந்து வருவதோ நூறு மில்லிவோல்ட், அதற்கும் மேலே. சின்ன வாசலில் பெரிய கூட்டம்! வால்வு மெள்ள மெள்ளப் பிசிறு தட்டும். டிரான்சிஸ்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, சட்டென்று அலையின் உச்சியையே வெட்டிவிடும். முரட்டுச் சத்தம். முரடுதான் வேண்டும் என்கிறவர்களுக்கு விருந்து. வால்யூமைக் குறைத்து வைத்தாலோ அதே பெட்டி சுத்தமாகப் பேசும். பேஸ் கிடாருக்கு அது ரொம்பப் பொருத்தம்.

எழுபதுகளில் மிக்ஸர் தனி, பவர் ஆம்ப் தனி என்று பெரிய மேடைகள் மாறிவிட்டன. பழைய பெட்டிகள் சர்ச் பரண்களுக்கும் பள்ளிக்கூட ஸ்டோர் ரூம்களுக்கும் போயின. காமர்ஸ் படித்தவனாகச் சொல்கிறேன்: தேய்மானம் போக, கணக்குப் புத்தகத்தில் மதிப்பு பூஜ்யம். பழைய வால்வு ஆம்ப்புகளின் விலை ஏற ஏற, கையில் காசில்லாத பையன்கள் இந்தப் பூஜ்யங்களைத் தேடிப் போனார்கள்.

போகலாம். ஆனால் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு. 4 ஓம் என்று எழுதியிருந்தால் அதற்குக் கீழே இறங்கும் ஸ்பீக்கரைப் பூட்டக் கூடாது, டிரான்சிஸ்டர் கருகிவிடும். பெட்டியோடு வந்த ஸ்பீக்கர் தூணில் பேஸ் கிடாரைப் போட்டால் காகிதம் கிழியும்.

அதைவிட முக்கியம் எர்த். 1972 மே 3. வேல்ஸின் ஸ்வான்ஸீ நகரம். ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிடாரிஸ்ட் லெஸ் ஹார்வி, மேடையில் மைக்கைத் தொட்டார். அந்த மைக்குக்கு எர்த் சரியாக இல்லை. ஷாக் அடித்து, அங்கேயே உயிர் போனது. கிடாரின் கம்பிகள் ஒரு பெட்டியோடும், மைக் இன்னொரு பெட்டியோடும் இணைந்திருக்கின்றன. ஒன்றில் எர்த் கெட்டால், நடுவில் நிற்கிற மனுஷன்தான் ஒயர். பழைய அமெரிக்கப் பெட்டிகள் பலவற்றில் இரண்டு பின் பிளக்தான். அதை மாற்றி மூன்று பின் ஒயர் போட ஒரு மெக்கானிக்குக் கொஞ்ச நேரம் போதும்.