மிகைச்சுமை எது? பின்னணிச் செயல்முறைகளின் வரலாறு குறித்து

பயனரின் கண்ணில் படாமல் கணினியில் இயங்கும் நிரலுக்கு 'டீமன்' என்ற பெயர் 1963இல் எம்.ஐ.டி.யின் மேக் திட்டத்தில் இடப்பட்டது. இயற்பியலாளர் மேக்ஸ்வெல் ஒரு சிந்தனைச் சோதனைக்காகக் கற்பித்த பூதமே அப்பெயருக்குத் தூண்டுதல் என்று அங்குப் பணியாற்றிய ஃபெர்னாண்டோ கோர்பட்டோ பிற்காலத்தில் விளக்கினார். கோப்புகளைக் காந்த நாடாவில் தானாகவே படியெடுத்து வைப்பது அத்தகைய முதல் நிரலின் வேலை. பலர் பகிர்ந்துகொண்ட ஒரே இயந்திரத்தில் அனைவருக்கும் பொதுவான பணியைச் செய்த ஏவலாள் அது.

மேசைக் கணினியில் இவ்வுறவு மெல்ல மாறியது. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குக் குறைந்தபட்சம் 64 மெகாபைட் நினைவகம் போதும் என்றது மைக்ரோசாஃப்ட்; 2007இல் விஸ்டாவுக்கு அது 512 ஆனது. இவ்வளர்ச்சி முழுவதும் திரையில் தெரியும் அழகுக்காகச் செலவாகவில்லை. கோப்புகளுக்குத் தேடல் அட்டவணை தயாரிக்கும் சேவையும், வழக்கமாகப் பயன்படும் நிரல்களை முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றிவைக்கும் 'சூப்பர்ஃபெட்ச்' சேவையும் பின்னணியில் இயங்கின. பயனர் சும்மா இருக்கும்போதும் வன்தட்டின் விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. 2015இல் வந்த விண்டோஸ் 10, பயன்பாட்டுத் தரவுகளை நிறுவனத்துக்கு அனுப்பும் சேவையையும் உடன் கொண்டுவந்தது. வீட்டுப் பதிப்பின் அமைப்புகளில் அதை முற்றிலும் நிறுத்த வழியில்லை. ஏவலாள் அதே இடத்தில் இருந்தான், எசமானர்தாம் மாறியிருந்தார். கட்டற்ற மென்பொருளும் இதற்கு விதிவிலக்கன்று. கேடிஈ 4 மேசைத்தளத்தின் 'நெபோமுக்' என்னும் அட்டவணைச் சேவை, கணினியை மந்தமாக்குவதாகப் பல்லாண்டுகள் வசை வாங்கியது.

இதற்கு எதிர்க்குரலும் பழையதே. நிக்லாஸ் விர்த் 1995இலேயே மென்பொருள்களின் உடற்பருமனைக் கண்டித்துக் கட்டுரை எழுதினார். 2003இல் பப்பி லினக்ஸ் பிறந்தது. 50 மெகாபைட் என்ற எல்லையைத் தானே வகுத்துக்கொண்ட டேம் ஸ்மால் லினக்ஸும் அக்காலத்ததே. வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு இவற்றைச் சிக்கனத்தின் வெற்றியாகப் போற்றி முடிந்துவிடும். இந்திய மொழிகளின் பக்கமிருந்து பார்த்தால் கதை அத்தனை எளிதன்று.

'கொ' என்னும் எழுத்தை எடுத்துக்கொள்ளலாம். யூனிகோடு சேமிப்பில் ககரம் முதலிலும் உயிர்க்குறி அடுத்தும் வரும். திரையிலோ அக்குறி பிளவுண்டு, கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யத் தனி நிரற்கூறு தேவை. லினக்ஸில் அதைச் செய்த 'பாங்கோ', 2002இல் வெளிவந்த ஜிடிகே 2 உடன் வந்தது. இடத்தை மிச்சப்படுத்தவேண்டி டேம் ஸ்மால் லினக்ஸ் பழைய ஜிடிகே 1ஐயே வைத்துக்கொண்டது. ஆங்கிலப் பயனருக்கு அதனால் இழப்பேதுமில்லை. தமிழுக்கும் மலையாளத்துக்கும் இந்திக்கும் வரிவடிவமே இழப்பாயிற்று.

பருத்த அமைப்புகள் தாராளமாக நடந்துகொண்டன என்றும் சொல்வதற்கில்லை. ஆங்கில விண்டோஸ் எக்ஸ்பியில் இந்திய எழுத்துகளுக்கான ஆதரவு இயல்பாக நிறுவப்படவில்லை. வட்டார அமைப்புகளுக்குள் சென்று ஒரு கட்டத்தில் குறியிட வேண்டும். 10 மெகாபைட்டோ அதற்கு மேலோ இடம் தேவைப்படும் என்ற எச்சரிக்கை தோன்றும். பெரும்பாலும் நிறுவல் குறுந்தகட்டையும் கேட்கும். கோப்பு தேடும்போது வாலாட்டும் நாய்க்குட்டிக்கு இத்தகைய அனுமதி எதுவும் வேண்டியிருக்கவில்லை. கோடிக்கணக்கானோரின் எழுத்து விருப்பத்தேர்வு, நாய்க்குட்டி இன்றியமையாதது!

ஆகவே, எதை நீக்கலாம் என்பதைவிட, அதை முடிவுசெய்பவர் யார் என்பதே இவ்வரலாற்றின் உள்ளடங்கிய கேள்வி. கேரள அரசுப் பள்ளிகள் குனு/லினக்ஸுக்கு மாறியபோது இந்த உரிமை ஓரளவு இடம்பெயர்ந்தது. அங்கு வழங்கப்பட்ட தொகுப்பு மிக இலகுவானதன்று. ஆயினும் அதில் எவை இடம்பெற வேண்டும் என்பதைக் கல்வித்துறையே வகுத்தது. மலையாளத்தைத் தேடிச்சென்று நிறுவும் நிலை மாணவர்களுக்கு இல்லை.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லை வேண்டுவதால், பழுதின்றி ஓடும் கணினிகள் பலவும் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. அவற்றுக்குப் பரிந்துரைக்கப்படும் எக்ஸ்எஃப்சிஈ, எல்எக்ஸ்கியூடி போன்ற எளிய மேசைத்தளங்களில் எழுத்துகளை வடிவமைப்பது 'ஹார்ஃபபஸ்' என்னும் நிரலகம். தேடல் அட்டவணையை நீக்கினாலும் அது நீங்குவதில்லை. 'கொ' பிளவுபட்டுச் சரியாகவே நிற்கிறது.