பள்ளத்தூரின் மகளும் செலொபுகாதின் புதல்வியரும்

காரைக்குடியிலிருந்து கோட்டையூர் வழியாகச் செல்லும் சாலையில் பள்ளத்தூர் வருகின்றது. முகப்பும் வளவும் இரண்டாங்கட்டுமாக ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள் அங்கே இன்றும் நிற்கின்றன. அவற்றுட் பல ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. அவ்வீடுகளைச் சுற்றிப் பார்க்க வருவோர் பர்மாத் தேக்கையும் ஆத்தங்குடித் தளக்கற்களையும் வியந்து போகின்றனர். நாம் இங்கே எண்ணிப் பார்க்க விரும்புவது வேறொன்று. வளவைச் சுற்றி வரிசையாக அமைந்த அந்தச் சிறு அறைகள் யாருக்காகக் கட்டப்பட்டன?

மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. நகரத்தார் சமூகத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்தது ஒரு 'புள்ளி'. கோயிலுக்கு வரி கொடுப்பதும் இந்தப் புள்ளிக் கணக்கிலேதான். திருமணமாகிச் சில காலத்தில் மகனை 'வேறு வைப்பர்'. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தாலும் அடுப்பு வேறு, கணக்கு வேறு. கூட்டுக்குடும்பம் என்றால் எல்லாம் ஒரே பானையில் கலந்து கிடக்கும் என்று எண்ணுவோர்க்கு இம்முறை வியப்பளிக்கும். கூடி வாழவும் வேண்டும், அவரவர் பங்கு தெளிவாக இருக்கவும் வேண்டும் என்று கண்ட முன்னோரின் கணக்கறிவு அது. ஆனால் அந்த அறைகளுள் மகளுக்கு ஒன்றில்லை. அவள் மணமானதும் கணவனின் கோயிலைச் சேர்ந்துவிடுவாள். மகன் இல்லாத வீட்டில், தம் கோயிலைச் சேர்ந்த குடும்பத்திலிருந்து பிள்ளை கூட்டிக்கொள்வதே வழக்கம். மகள் இருந்தும் பிள்ளை கூட்டுவர்.

மகளுக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. பித்தளையும் வெள்ளியும் வைரமும் மட்டுமல்ல, ரொக்கமும் சீதனமாகப் போயிற்று. அந்த ரொக்கத்தை ஆச்சிமார் நிறுவனத்திலேயே வட்டிக்கு விட்டுவைத்தனர். அது அவர்கள் பெயரில் தனிக் கணக்காக நின்றது. பர்மாவிலும் மலாயாவிலும் சுழன்ற முதலில் இந்தப் பெண்களின் பணமும் கலந்திருந்தது. ஆக, பெண் கடன் கொடுத்தவளாக இருந்தாள், பங்காளியாக இருந்ததில்லை. வட்டி வந்தது, வாக்கு வரவில்லை.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். இரத்த உறவில்லாத பணியாளரைத் தொழிலில் பங்குகொள்ளச் செய்வதில் இந்த நிறுவனங்கள் அக்காலத்திலேயே முன்னின்றன. பெட்டியடியில் அமர்ந்து எடுபிடி வேலை பார்க்கும் பையன் அடுத்தாளாகி, அடுத்தாள் மேலாளாவான். கடல் கடந்த ஊரில் முதலாளியின் முழு அதிகாரத்தோடும் கடையை நடத்திய மேலாளுக்குச் சம்பளம் மட்டுமன்றி இலாபத்திலும் ஒரு பகுதி உண்டு. அதைச் சேர்த்துத் தாமே தனி விலாசம் தொடங்கியவர் பலர். பணியாளுக்குத் திறந்த கதவு மகளுக்குத் திறக்கவில்லை என்பது நம் சிந்தனைக்குரியது.

பள்ளத்தூரைச் சேர்ந்த அ. மு. முருகப்பச் செட்டியாரும் இவ்வழியில் வந்தவரே. இளமையில் பர்மா சென்று தொழில் பயின்ற அவர், 1900-ல் மோல்மேன் நகரில் வட்டிக்கடை தொடங்கினார். 1924-ல் சொந்த ஊரில் ஏழைகளுக்கு மருந்தகம் கண்டார். 1930-களின் பொருளாதார மந்தத்தில் பர்மா உழவரால் கடனைத் திருப்ப இயலவில்லை. கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்தது. கேட்டு வாங்கிய சொத்தன்று, திரும்பாத கடன். அதனாலேயே அந்நாட்டு மக்களின் வெறுப்புக்கும் ஆளாயினர். 1942-ல் ஜப்பானியர் படையெடுத்தபோது பலர் அனைத்தையும் விட்டுவிட்டு நடந்தே ஊர் திரும்பினர். முருகப்பச் செட்டியாரின் குடும்பமோ அதற்கு முன்னரே முதலைத் தாயகத்துக்குத் திருப்பத் தொடங்கியிருந்தது. உப்புத்தாள், இரும்பு அலமாரி என்று தொடங்கி, 1949-ல் ஆங்கில நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து மிதிவண்டித் தொழில், 1954-ல் சாணைக்கல் செய்யும் கார்போரண்டம் யுனிவர்சல், 1981-ல் பழம்பெரும் பாரி நிறுவனம் எனக் குழுமம் விரிந்தது. நம்முள் பலர் பள்ளிக்கூடம் போன ஹெர்குலிஸ் மிதிவண்டி அம்பத்தூரில் இவர்கள் தொழிலகத்தில் உருவானது. தலைமுறை தலைமுறையாகப் பிளவின்றித் தொழில் நடத்திய குடும்பம் என்று நாட்டின் வணிகப் பள்ளிகளிலும் இவர்களைப் பற்றிப் பாடம் நடந்தது.

நிறுவனரின் பேரரும் குழுமத்தின் முன்னாள் தலைவருமான எம். வி. முருகப்பன் 2017 செப்டம்பரில் காலமானார். அவருக்கு மகன் இல்லை, இரு மகள்கள். மூத்தவர் வள்ளி அருணாசலம், அணுப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்று அமெரிக்காவில் நெடுங்காலம் பணியாற்றியவர். குடும்பப் பங்குகளைத் தாங்கி நிற்கும் அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்னும் நிறுவனத்தில், தாயும் இரு மகள்களுமாக இவர்கள் கிளைக்கு அப்போது எட்டு விழுக்காட்டுக்குச் சற்று மேல் பங்கு இருந்தது. அந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் தமக்கு இடம் தருக, இல்லையேல் எங்கள் பங்கை நியாய விலைக்கு எடுத்துக்கொள்க என்று அவர் கேட்டார். 2020 செப்டம்பர் 21 அன்று நடந்த பொதுக்குழுவில் 91.36 விழுக்காடு வாக்குகள் அவருக்கு எதிராக விழுந்தன. ஆண்வழி வாரிசு இல்லாத கிளை என்பதாலேயே ஒதுக்கப்படுகின்றோம் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். வழக்கும் தொடர்ந்தது. 2023 ஆகஸ்டில் குடும்பத்துக்குள் உடன்பாடு கண்டுவிட்டதாக இரு தரப்பும் அறிவித்தன.

அக்குடும்பத்தின் உள்விவகாரத்தில் தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. நம்மை நிறுத்தி யோசிக்க வைப்பது நாள் ஒன்று. அந்த வாக்கெடுப்புக்குச் சரியாக 41 நாள்களுக்கு முன்னர், 2020 ஆகஸ்டு 11-ல், வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளும் பிறப்பாலேயே மகனுக்கு நிகரான பங்காளி என்றும், 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடிருந்தாக வேண்டிய கட்டாயமில்லை என்றும் தெளிவுபடுத்தியிருந்தது. தமிழகமோ அதற்கெல்லாம் முன்னரே, 1989-லேயே, மணமாகாத மகளுக்கு அவ்வுரிமையை வழங்கிய மாநிலம். சட்டம் பங்கைக் கொடுத்தது. ஆனால் இயக்குநர் நாற்காலி பங்கோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. அதைப் பங்குதாரரின் பெரும்பான்மை வாக்குதான் கொடுக்கும். எட்டுப் பேர் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக இருக்கும் குடும்பத்தில் அந்த ஒருவர் வைத்திருக்கும் பங்கு, வெளியே விற்கவும் முடியாமல் உள்ளே பேசவும் முடியாமல், பெட்டியில் கிடக்கும் காகிதமே. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் பெண் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்கின்றது. எந்தப் பெண் என்று சொல்லவில்லை. குடும்பத்தின் மகளாகத்தான் இருக்க வேண்டும் என்பதுமில்லை.

காரைக்குடியிலேயே மாற்றுக் காட்சி ஒன்றும் உண்டு. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து இலட்சம் ரூபாயும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வகத்தை இம்மண்ணுக்குக் கொண்டுவந்தவர். அவர் 1957-ல் மறைந்தார். அவருடைய ஒரே மகள் உமையாள் ஆச்சி தந்தையின் கல்வி அறப்பணியைப் பல்லாண்டுகள் முன்னின்று நடத்தினார். பள்ளியையும் கல்லூரியையும் மகளிடம் ஒப்படைக்கத் தயங்காத நம் நாடு, ஆலை என்றதும் தயங்குகின்றது. ஏன் என்று கேட்டால், "ஆலை வேறு குடும்பத்துக்குப் போய்விடும்" என்பர்.

இந்த அச்சம் பழமையானது. விவிலியத்தை அறிந்த நம் வாசகர்க்கு எண்ணிக்கை நூல் இங்கே நினைவுக்கு வந்திருக்கும். செலொபுகாது என்பவர் பாலைநிலத்தில் மகனின்றி இறந்தார். மக்லா, நோகா, ஒக்லா, மில்கா, திர்சா என்னும் அவருடைய ஐந்து புதல்வியர் மோசேக்கும் குருவுக்கும் தலைவர்களுக்கும் முன்னால் சந்திப்புக் கூடார வாயிலில் வந்து நின்று, எங்கள் தந்தையின் பெயர் ஏன் அழிய வேண்டும், எங்களுக்கும் உடைமை தருக என்று கேட்டனர். மோசே தாமாகத் தீர்ப்புச் சொல்லாமல் ஆண்டவரிடம் கொண்டு சென்றார். அவர்கள் கேட்பது முறையே என்று விடை வந்தது. நம் மறையுரைகளில் இப்பகுதி அதிகம் கேட்கப்படுவதில்லை. அதே நூலின் இறுதி அதிகாரம் அதைவிடக் குறைவாகவே வாசிக்கப்படுகின்றது. குலத்தலைவர்கள் மீண்டும் வருகின்றனர். இப்பெண்கள் வேறு குலத்தில் மணந்தால் நிலம் அங்கே போய்விடுமே என்கின்றனர். தம் தந்தையின் குலத்திலேயே மணம் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை பிறக்கின்றது. உரிமை ஒரு கையால் வந்தது, வரம்பு மறு கையால் வந்தது. பள்ளத்தூர் வளவில் கேட்கும் அதே குரலை மோவாபுச் சமவெளியில் கேட்கின்றோம்.

இதையெல்லாம் வேற்றுச் சமூகத்தாரின் குறையாக எண்ணிக் கடந்துவிட நமக்கு உரிமையில்லை. கிறிஸ்தவர்களாகிய நமக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, மீதி மக்களுக்குச் சமமாக. மகன், மகள் என்ற வேறுபாடே அதில் இல்லை. ஆனால் அண்டைத் திருவிதாங்கூரில் 1916-ஆம் ஆண்டுத் தனிச் சட்டம் இருந்தது. மகளுக்கு மகன் பங்கில் நாலில் ஒன்று, அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அது! மேரி ராய் அம்மையார் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்று, 1986 பெப்ரவரி 24-ல் வென்றார். அத்தீர்ப்பு 1951-இலிருந்தே செல்லும் என்றதும், எத்தனை குடும்பங்கள் சிதறுமோ என்று கேரளத்தின் கிறிஸ்தவ சபைகளிலிருந்தே எதிர்ப்புக் கிளம்பியது. சபைகள் அன்று யாருடைய அச்சத்தைத் தம் குரலாக்கின என்பதை நாம் மறத்தல் ஆகாது.

நம் பகுதியில் சட்டம் தடுக்கவில்லை, விடுதலைப் பத்திரம் தடுக்கின்றது. தந்தை இறந்து முப்பதாம் நாள் திருப்பலி முடிந்ததும் சகோதரிகள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைக்கப்படுவர். நகை போட்டாயிற்று, கலியாணம் செய்தாயிற்று, தம்பி தலைநிமிர வேண்டாமா என்பர். நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் தந்தை கடைசல் பட்டறை வைத்திருந்தார். நான்கு கடைசல் இயந்திரங்கள், ஒன்பது தொழிலாளர். மூத்த மகள் பதினோராண்டுகள் அங்கே கணக்கெழுதினார். எந்த ஆலைக்கு எத்தனை உருளை, எவர் எவ்வளவு பாக்கி என்பது அவருக்கு மனப்பாடம். தம்பியர் இருவரும் வெளிநாட்டில். தந்தை உயில் எழுதவில்லை. அக்கா கையெழுத்திட்டார். "எனக்கு ஒன்றும் வேண்டாம், பட்டறையை மட்டும் மூடிவிடாதீர்கள்" என்றார். அந்தப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்திட்டவருள் நாமும் ஒருவர். குடும்ப ஒற்றுமைக்குத் துணை நின்றதாகவே அன்று எண்ணினோம். ஒன்றரை ஆண்டில் இயந்திரங்கள் எடைக்குப் போயின. இடம் திருமண மண்டபக்காரருக்கு விற்கப்பட்டது. ஒன்பது பேரில் மூத்தவர் ஒருவர் நம்மைக் கோயில் வாயிலில் கண்டு, "அம்மா கையில் இருந்திருந்தால் ஓடியிருக்குமே சாமி" என்றார். நமக்கு விடை தெரியவில்லை.

அந்த ஒன்பது பேரும் வாரிசுக் கணக்கில் வருவார்களா? திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1931-ஆம் ஆண்டுச் சுற்றுமடலிலேயே தொழிலாளர் உடைமையிலோ நிர்வாகத்திலோ இலாபத்திலோ பங்குபெறும் வழிகளை ஆதரித்தார். இரண்டாம் யோவான் பவுல் 1981-ல் அக்கருத்தை மேலும் விரித்தார். ஸ்பெயினின் மொந்திராகோன் ஊரில் அருள்தந்தை ஹோசே மரியா அரிஸ்மெந்தியாரியெத்தா தொழிற்பள்ளி ஒன்றை நிறுவினார். அங்குப் பயின்ற ஐந்து இளைஞர்கள் 1956-ல் அடுப்பும் சூடேற்றியும் செய்யும் தொழிலகத்தைத் தொடங்கினர். அங்கு ஆளுக்கொரு வாக்கு. ஓய்வு பெறுபவர் தம் முதலை எடுத்துச் செல்லலாம், இடத்தைப் பிள்ளைக்கு எழுதிவைக்க முடியாது. இம்முறை பல்லாயிரவர்க்கு வாழ்வளித்தது. ஆயினும் அந்த முதல் தொழிலகத்தின் வழித்தோன்றலான ஃபாகோர் 2013-ல் நொடித்துப் போயிற்று என்பதையும் மறைக்கலாகாது. மும்பையில் வாரிசுகளின் சண்டையால் 1985-ல் மூடிக் கிடந்த காமானி குழாய் ஆலையைத் தொழிலாளர் கூட்டுறவே 1988-ல் ஏற்று நடத்த நீதிமன்றம் வழிவிட்டது. சில ஆண்டுகள் நன்றாகவே நடத்தினர், பின்னர் தளர்ந்தனர். பங்கு கிடைத்தால் மட்டும் போதாது, நடத்தும் பயிற்சியும் கைமுதலும் வேண்டும். நகரத்தார் பெட்டியடிப் பையனுக்கு அதைத்தான் கொடுத்தனர்.

உயில் என்பது சாகப் போகின்றவரின் வேலை என்றே நம் மக்கள் எண்ணுகின்றனர். வெள்ளைத்தாளில் எழுதி, இரு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டால் அது செல்லும். முத்திரைத்தாள் வேண்டியதில்லை, பதிவும் கட்டாயமில்லை. பட்டறையின் கணக்கு யார் கையில் இருந்ததோ அவர் பெயரை அதில் எழுதத் தடையேதும் இல்லை. பத்தாண்டு உழைத்த மேலாளுக்கு ஒரு பகுதியை எழுதவும் தடையில்லை. சென்ற தவக்காலத்தில் அச்சகம் நடத்தும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். இரு மாதங்கள் கழித்துத் தம் மகளையும் அச்சுக்கோப்பாளரையும் உடன் அழைத்துக்கொண்டு வந்தார். சாட்சிக் கையெழுத்துக்கு.